உழைக்கிற ஊருக்கு ஜிம் எதுக்கு?

எங்கள் பக்கத்தில் ஜிம் என்று பேச்செடுத்தாலே ஒரு பதில் தயாராக வரும். "கடலோரத்து ஆளுகளுக்கு ஜிம்மு எதுக்கு, உழைக்கிற உடம்புக்குத் தனியா ஒரு பயிற்சி வேணுமா?" மாமியார் சொல்வார், அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் ஆட்டோ அண்ணன் சொல்வார். பாம்பன் பக்கம் பிறந்து வளர்ந்தவள் என்பதால் அந்தப் பேச்சில் இருக்கிற பெருமை எனக்குப் புரியும். கரைவலை இழுக்கிற கைகளையும் மீன் கூடையோடு பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்களையும் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, கண்ணாடி முன்னால் நின்று இரும்பைத் தூக்கி இறக்குவது வேண்டாத செலவாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பதில் எனக்குச் செரிக்கவே இல்லை. சொல்கிற நாங்கள் பாதிப் பேர் இப்போது ராமநாதபுரத்தில், பட்டணம்காத்தான் பக்கம் வீடு கட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். அது ஒரு பக்கம். நிஜமாகவே உழைத்தவர்கள் ஐம்பது வயதில் எப்படி இருக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்கு இந்தத் தேடல் தொடங்கியது ஒரு ரத்தப் பரிசோதனையில். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பது எச்சரிக்கை மணி. இந்த நடுவில் மட்டும் நாட்டில் 13.6 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. டாக்டர் முதலில் நடக்கச் சொன்னார். அடுத்த முறை போனபோது இன்னொன்றும் சொன்னார்: "நடை மட்டும் போதாதும்மா, தசை வேணும். எடை தூக்கிப் பழகுங்க." சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையின் பெரும்பகுதியைத் தசைதான் இழுத்துக்கொள்கிறது, முப்பது வயதுக்கு மேல் அந்தத் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற காலத்தில் அது இன்னும் வேகமாகிறது. இவ்வளவையும் அவர் ஐந்து நிமிடத்தில், வெளியே வரிசையில் நோயாளிகள் காத்திருக்கும்போது சொன்னார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்று சொல்வது எல்லோருக்கும் தெரியும். அதே வழிகாட்டுதலில் வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டுகிற பயிற்சி வேண்டும் என்று இருப்பதை நம் ஊரில் எத்தனை பெண்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்?

சரி, எடை தூக்கலாம். எங்கே?

தேடிப் போன இடங்கள்

நடையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு வழி இருக்கிறது. சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தில் காலையில் நடக்கலாம், கூட்டம் இருப்பதால் பயமில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று 2023இல் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டமும் நல்ல திட்டம்தான். ஆனால் புறநகரில் வீடு இருப்பவர்களுக்கு நடக்கப் போவதற்கே ஸ்கூட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. வாசலிலிருந்து அப்படியே நடக்கலாம் என்றால், ராமேஸ்வரம் போகிற சாலையில் விடியுமுன்பே வேன்கள் பறக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை சமயத்தில் சாலையைக் கடப்பதே பெரும்பாடு. உள்தெருக்களில் நாய்கள். அப்புறம் வெயில். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது, ஏழு மணிக்கே வியர்வை கொட்டும், காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அந்த வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. நடக்கிறவருக்கு எஞ்சுவது அசதி மட்டும்தான்.

பூங்காவில் வைத்திருக்கிற இரும்புக் கருவிகளையும் பார்த்தேன். காலை முன்னும் பின்னும் ஆட்டுவது, இடுப்பைத் திருப்புவது மாதிரியானவை. மூட்டு இளகுவதற்கு நல்லது, வயதானவர்கள் நாலு பேர் கூடிப் பேசுவதற்கு அதைவிட நல்லது. ஆனால் எடையைக் கூட்ட முடியாது. இன்று எவ்வளவு கனமோ அதேதான் அடுத்த வருஷமும். தசைக்குத் தேவையானது படிப்படியாகக் கூடுகிற பாரம், அது அங்கே கிடையாது. அத்தோடு உப்புக்காற்று. எங்கள் ஊரில் சைக்கிள் செயினே ஒரு மழைக்காலம் தாண்டாது, திறந்தவெளியில் நிற்கிற இரும்புக்கு யார் எண்ணெய் போடுவது? கிறீச்சிட ஆரம்பித்ததும் எல்லோரும் விலகிவிடுகிறார்கள்.

ஜிம்கள் இல்லாமல் இல்லை. இப்போது மெயின் ரோட்டில் மாடி கட்டினால் கீழே மொபைல் கடை, மேலே ஜிம் என்று ஆகிவிட்டது. முதலில் போன இடத்தில் படியேறி உள்ளே எட்டிப் பார்த்ததும் பாட்டுச் சத்தத்தை மீறி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் தவறாக எதுவும் பேசவில்லை, மரியாதையாகத்தான் "யாரைப் பாக்கணும்க்கா?" என்றார்கள். யாருக்காவது பணம் கட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருந்தார்கள், காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை. அந்த நேரத்தில் எந்த வேலைக்குப் போகிற பெண் வர முடியும்? வீட்டில் இருக்கிற பெண்ணுக்கும் அது சமையல் முடித்து, துவைத்து, கொஞ்சம் முதுகைச் சாய்க்கிற நேரம். ஆண்கள் யாரும் வராத நேரம் மிச்சமிருந்தது, அதைத் தூக்கிப் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு ஊரில் யாருக்கு எந்த நேரம் கிடைக்கிறது என்று பார்த்தால் அந்த ஊரில் யார் உடம்பு முக்கியம் என்று தெரிந்துவிடும்.

பெண்களுக்கு மட்டும் என்று பலகை போட்ட ஓர் இடத்துக்கும் போனேன். அங்கே எடைக்கருவியே இல்லை. காலையில் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு மாவைக் கரைத்துத் தருகிறார்கள், கொஞ்சம் கைகால் ஆட்டச் சொல்கிறார்கள், வாரா வாரம் எடை பார்க்கிறார்கள். எடை குறைந்தவர்களுக்குக் கைதட்டல். குறைந்தது கொழுப்பா தசையா என்று கேட்டேன், பதில் இல்லை. என் கவலை எடை குறைவது இல்லை. எனக்குத் தேவை வலு. இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்வதற்குள் அடுத்த மாத டப்பாவுக்கான விலையைச் சொல்லிவிட்டார்கள்.

2024இல் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியிட்ட கணக்குப்படி இந்தியப் பெரியவர்களில் 49.4 சதவீதம் பேருக்குப் போதுமான உடலசைவு இல்லை. ஆண்களில் 42, பெண்களில் 57. படித்தவர்கள் இதைப் பார்த்து நம் பெண்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். அவர்கள் பதினொன்றிலிருந்து மூன்று வரை என்ற அந்தப் பலகையைப் பார்த்ததில்லை.

சித்தியும் ஒரு நாற்காலியும்

இந்த நேரத்தில்தான் சித்தியைப் பார்க்கப் பாம்பன் போனேன். சித்தி கடல்பாசி எடுக்கிறவர். மன்னார் வளைகுடா தீவுகளைச் சுற்றி வல்லம் என்கிற நாட்டுப்படகில் போய், இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் கையால் பறித்து வருகிற வேலை. விரலெல்லாம் துணியைச் சுற்றிக்கொள்வார்கள், கண்ணுக்குக் கண்ணாடி, காலில் கல் கிழிக்காமல் இருக்க ரப்பர். கல்யாணமான காலத்திலிருந்து இந்த வேலைதான். மூச்சடக்கி முங்குவதில் அவரோடு என்னைப் போன்ற இளையவர்கள் போட்டி போட முடியாது. உழைப்புதான் உடற்பயிற்சி என்பது உண்மையானால், இந்தக் கடற்கரையிலேயே திடமான உடம்பு என் சித்தியுடையதாக இருக்க வேண்டும்.

நான் போன அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்கிற தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். சித்தியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார். சித்தியால் முடியவில்லை. மறுபடி முயன்றார், பாதி எழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையை ஊன்றினால் எழுந்துவிடுவார், ஊன்றாமல் முடியவில்லை. அறுபதுகூட ஆகவில்லை. வாசலில் நின்ற மருமகள் முகம் மாறிவிட்டது, எனக்கும் தொண்டை அடைத்தது. சித்தி மட்டும் சாதாரணமாக, "தண்ணிக்குள்ள நல்லா இருக்கு தம்பி, கரைக்கு வந்தாத்தான் காலு கேக்க மாட்டேங்குது" என்றார்.

நான் அந்தத் தம்பியிடம் என் கேள்வியைக் கேட்டேன். இவ்வளவு வேலை செய்கிற உடம்பு எப்படி இப்படி ஆகும்? அவர் பொறுமையாகச் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். சித்தி மணிக்கணக்காகக் குனிந்தே இருக்கிறார், தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் தொடைக்குப் பெரிய பாரம் விழுவதில்லை. அதே கை, அதே முதுகு, அதே கோணத்தில் ஆயிரக்கணக்கான தடவை. உடம்பு அசதியாக இருக்கிறது, இன்று கொஞ்சம் குறைத்துக்கொள்வோம் என்று வேலையிடம் சொல்ல முடியாது. வலி வந்தால் அந்த வலியோடேயே மறுநாளும் போக வேண்டும். பயிற்சியில் எவ்வளவு பாரம், எத்தனை தடவை, எப்போது ஓய்வு என்பதை நாம் வைக்கிறோம், உடம்பு தேறிய பிறகுதான் அடுத்த படி. வேலையில் அதையெல்லாம் கடலும் வியாபாரியும் வைக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1953இலேயே லண்டன் பஸ்களை வைத்து ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஓர் ஆய்வு செய்திருக்கிறார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டுகிற டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உழைப்பே மருந்து என்கிறவர்கள் இதைக் காட்டலாம், காட்டினால் நியாயம்தான். ஆனால் பிற்காலத்தில் டென்மார்க்கின் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் வேறொன்றையும் கவனித்திருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்கிற உடலசைவு இதயத்துக்குத் தருகிற நன்மையை, கூலிக்காக நாள் முழுக்கச் செய்கிற கனமான வேலை தருவதாகத் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது. ஏன் என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது, ஏழ்மையையும் புகைப்பழக்கத்தையும் கணக்கில் சரியாகக் கழித்தார்களா என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அந்த விவாதம் முடிகிற வரை காத்திருக்கத் தேவையில்லை. நாற்காலியிலிருந்து எழ முடியாத சித்தியைப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தங்கச்சிமடத்தில் இருக்கிற அண்ணன் மகன் விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் அவனும் கூட்டாளிகளும் தவறாமல் ஜிம்முக்குப் போவார்கள். வெட்டிப் பொழுதுக்குப் போகிறான்கள் என்று வீட்டில் திட்டு விழும். அவனிடம் கேட்டால், "அத்தை, போட்ல நின்னு நின்னு இடுப்பு செத்துப்போச்சு, இங்க வந்து ரெண்டு மாசம் செஞ்சாத்தான் நிமிந்து நடக்க முடியுது" என்பான். நம்ம ஆளுகளுக்கு எதுக்கு ஜிம்மு என்று கேட்கிறவர்கள் இவனிடம் கேட்டிருந்தால் எப்போதோ பதில் கிடைத்திருக்கும்.

எடை தூக்குவது நமக்கு அந்நியம் என்கிற பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. தென்மாவட்டத்து ஊர்களில் இளவட்டக்கல் இன்றும் கிடக்கிறது. நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கல் சமயத்தில் பெண்களும் அதைத் தூக்குகிறார்கள், செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் மாவட்டத்துப் பெண்கள் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியைக் கிலோமீட்டர் கணக்கில் தள்ளியவர்கள். பாரம் சுமக்க வைக்கும்போது வராத கூச்சம், தன் உடம்புக்காகப் பாரம் தூக்கும்போது மட்டும் ஏன் வருகிறது?

பத்துப் பேர் சேர்த்தால்

பட்டணம்காத்தானில் வீட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஜிம் இருக்கிறது, ஏசி இல்லை, ட்ரெட்மில் ஒன்றே ஒன்று, கரன்ட் போனால் அதுவும் நின்றுவிடும். கர்லாக்கட்டையும் இருக்கிறது, அதைப் பார்த்ததும் பிடித்துப்போனது. மாஸ்டர் ஐம்பதை ஒட்டியவர். அவரிடம் நேராகக் கேட்டேன், காலையில் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை பெண்களுக்கு மட்டும் தர முடியுமா என்று. அவர் யோசித்துவிட்டு, "அக்கா, அந்த நேரத்துல எனக்குப் பசங்க வருவாங்க. அவங்களை ஆறரைக்குத் தள்ளணும்னா பத்து லேடீஸாவது வேணும், நீங்க சேர்த்துக் கொண்டு வாங்க" என்றார். அவருக்கும் வாடகை இருக்கிறது, நியாயமான பேச்சு.

சேர்த்தோம். எங்கள் தெருவில் இருக்கிற ரிட்டயர்டு தலைமையாசிரியை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலை பார்க்கிற நர்ஸ், கீழக்கரையிலிருந்து இங்கே வந்து குடியிருக்கிற இரண்டு அக்காமார், மகளும் அம்மாவுமாக ஒரு ஜோடி, இப்படி. கீழக்கரை அக்காமார் முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அந்த ஒரு மணி நேரம் உள்ளே ஆண்கள் யாரும் இருக்கக் கூடாது, கேமரா ஓடக் கூடாது, யாரும் போன் எடுக்கக் கூடாது. இவை அவர்களுக்கான சலுகை என்று மாஸ்டர் நினைத்தார். மற்ற எல்லோரும் ஒரே குரலில் எங்களுக்கும் அதேதான் வேண்டும் என்றபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. மாஸ்டரின் அண்ணன் மகள் உடற்கல்வி படித்தவர், அவரே வந்து சொல்லிக் கொடுக்கிறார்.

சொல்லிக் கொடுப்பதில் அந்தப் பெண்ணுக்கு நல்ல கண். முதலில் யாருக்கும் எடையே தரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. தலைமையாசிரியை டீச்சருக்கு முழங்கால் தேய்மானம், அவருக்குப் பெஞ்சின் மேல் ஒரு பலகை போட்டு உயரத்தைக் கூட்டினார். அவருக்குப் பழகப் பழகப் பலகையை எடுத்துவிட்டார். எடையைக் கூட்டுவது போலத்தான் அதுவும். அப்புறம் இரண்டு கிலோ, நாலு கிலோ. அங்கே டம்பெல் ஐந்து கிலோவிலிருந்துதான் இருந்தது, சின்னதை நாங்கள் கேட்டு வாங்க வைத்தோம். நர்ஸ் இப்போது சிலிண்டரை யாரையும் கூப்பிடாமல் நகர்த்துகிறார், அதை அவர் சொல்லும்போது குரலில் இருக்கிற தெம்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லா நாளும் எல்லோரும் வருவதில்லை, அதற்கு முதல் காரணம் தண்ணீர். குழாயில் தண்ணீர் விடுகிற நாளில் விடிகாலையில்தான் விடுகிறார்கள், அன்று வீட்டில் பிடித்து நிரப்புகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் பாதிப் பேர்கூட வருவதில்லை. இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. நர்ஸின் வீட்டில் மட்டும் அவர் கணவர் மோட்டார் போட்டு நிரப்பிவிடுகிறார், அதனால் நர்ஸ் ஒரு நாளும் தவறியதில்லை. உடற்பயிற்சிக்கு மன உறுதி வேண்டும் என்று பேசுகிறார்கள், எங்கள் வகுப்பில் நான் பார்த்த வரைக்கும் வீட்டில் வேறு யாராவது குடம் தூக்கினால் போதும்.

உங்கள் ஊரில் இப்படி ஒன்று வேண்டுமென்றால் நான் சொல்வது, முதலில் நேரத்தைக் கேளுங்கள். கருவி எத்தனை இருக்கிறது, ஏசி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். நேரம் ஒத்துவந்தால், சொல்லிக் கொடுக்கிறவர் முதல் நாளே உங்கள் மூட்டு, பிரஷர், மாத்திரை பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காமல் கருவியில் ஏற்றினால் இறங்கி வந்துவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போகலாமா என்று தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் என்று 2024இல் பெட்டி பெட்டியாகக் கொடுத்தார்கள், மாநிலம் முழுக்க 12,525 ஊராட்சிகளுக்கான திட்டம் அது. உங்கள் ஊராட்சிக்கு வந்தது எங்கே இருக்கிறது, அதைப் பெண்கள் எந்த நேரத்தில் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.

சித்திக்கு அந்தத் தம்பி சொல்லிக் கொடுத்ததை மருமகள் தினமும் செய்ய வைக்கிறாள். நாற்காலியில் இரண்டு தலையணை வைத்து ஆரம்பித்தார்கள், இப்போது ஒன்றுதான். பாசிக்குப் போவதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் நிறுத்த மாட்டார். பாம்பனில் பெண்களுக்கென்று ஒரு நேரம் தருகிற இடம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அண்ணன் மகன் போகிற ஜிம்மின் முதலாளியிடம் பேசச் சொல்லியிருக்கிறேன், அவரும் எத்தனை பேர் வருவார்கள் என்றுதான் கேட்டிருக்கிறார். பாசிக்குப் போகாத நாட்களில் வருவதாகச் சித்தியின் கூட்டாளிகள் நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் ஆறு பேர் வேண்டும். எங்கள் மாஸ்டரிடம் இப்போதைய கோரிக்கை ஒரு 15 கிலோ கம்பி. இருக்கிற கம்பி 20 கிலோ, எடை எதுவும் மாட்டாமலேயே எங்களில் பலருக்கு அது அதிகம். மதுரையில் விலை கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார், ஆளுக்குக் கொஞ்சம் போடுவதாக நாங்களும் சொல்லியிருக்கிறோம்.